பாப்பாத்திக்குக் கொடுத்த ரோமாபுரி உடுப்பு

ஏற்காடு கடைவீதியில் தையல்காரர்களுக்குப் பஞ்சம் இல்லை. இருந்தாலும் பெண்கள் ரவிக்கை தைக்கப் பாப்பாத்தியிடம்தான் போவார்கள். அவள் தையல் ஒன்றும் உலக அதிசயம் இல்லை. கை இறக்கம் அவ்வப்போது அரை விரல் கூடும், குறையும். ஆனால் அவள் வாய் பூட்டுப் போட்ட வாய். ரவிக்கைக்கு அளவு எடுக்கிறவளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? யார் முதுகில் நேற்று அடி விழுந்தது, யார் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி இளைத்திருக்கிறாள், எல்லாம் டேப்பைப் பிடித்த கைக்குத் தெரிந்துவிடும். பாப்பாத்தி டேப்பைச் சுருட்டும்போது அதையும் சேர்த்துச் சுருட்டிவிடுவாள். "பாப்பாத்திகிட்ட சொன்னா பாங்கில போட்ட மாதிரி" என்று கடைவீதியில் சொல்வார்கள்.

ஓமலூர்ப் பக்கத்துப் பெண் அவள். ஓட்டல் சமையல்காரன் முருகேசனுக்கு வாழ்க்கைப்பட்டு மலை ஏறி வந்தாள். முருகேசன் சிமோகாவுக்கு வேலைக்குப் போனான். போனவன் போனவன்தான். "அங்க ஒரு காப்பி எஸ்டேட்ல இருக்கறாருங்க, லீவு கெடைக்கறதில்லை" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்தாள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் வைப்பாள். பிள்ளை குட்டி இல்லை, சொந்தபந்தம் கீழே சேலத்தோடு நின்றுவிட்டது. அவளுக்கு இருந்தது நல்ல பொம்பளை என்ற பேர் ஒன்றுதான். அந்தப் பேரை நம்பித்தான் பெண்கள் தங்கள் வீட்டு உள்ளறைவரை அவளை விட்டார்கள். அது போனால் அவள் மிஷினை எடைக்குப் போட வேண்டியதுதான்.

சாந்தாமேரி, ஏரிக்குப் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கஞ்சி போட்ட காட்டன் சேலை, மடிப்புக் கலையாத முந்தானை. ஒரு வருஷம் நீண்ட லீவு போட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தவர், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் பாப்பாத்தியின் கடைக்கு வந்து கதவைச் சாத்தினார். கட்டி வந்து ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். ரவிக்கை போட்டால் பார்க்கிறவர்களுக்குத் தெரிகிறது, வகுப்பில் கையைத் தூக்கிப் போர்டில் எழுதக்கூடக் கூச்சமாக இருக்கிறது என்று சொல்லி அழுதார். பாப்பாத்தி டேப்பை எடுத்தாள். இலவம்பஞ்சைச் சுத்தம் பண்ணி, ரவிக்கைக்கு உள்ளே ஒரு பை வைத்து, பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்காமல் இருக்கக் குறுக்கே நூலோட்டி, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் தெரியும்வரை பிரித்துப் பிரித்துத் தைத்தாள். அதற்குப் பிறகு மிஸ்ஸின் ரவிக்கை எல்லாம் அப்படித்தான்.

அன்று முதல் இருவரும் சிநேகிதம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் மிஸ் கடைக்கு வந்து உட்காருவார். அப்படி ஒரு மழை நாளில் பாப்பாத்தியும் தன் மனசைத் திறந்தாள். முருகேசன் அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான், பிள்ளைகளும் இருக்கின்றன என்பதைச் சொன்னாள். அதோடு நின்றிருக்கலாம். மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஓட்டுகிற ஒருவன் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னதை நம்பி ஒரு வருஷம் பழகியதையும், அவன் ஊருக்குப் போய் மாமன் மகளைக் கட்டிக்கொண்டதையும் சொன்னாள்.

"நான் கெட்டுப் போனவளுங்களா மிஸ்ஸு?" என்று கேட்டாள்.

"சேச்சே, என்ன பேச்சு இது? ஏமாந்தவ கெட்டவளா? இது என்னோட போயிரும் பாப்பாத்தி" என்று சாந்தாமேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பாப்பாத்தி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பொன்விழா வந்தது. எண்பத்தாறோ எண்பத்தேழோ, கோடை விழாவுக்கு முன்னால். ஒவ்வொரு டீச்சரும் ஒன்று செய்ய வேண்டும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட, சாந்தாமேரி ரோமாபுரியைக் கையில் எடுத்தார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ரோமாபுரிப் பெண்கள் எப்படி உடுத்தினார்களோ அப்படியே உடுத்தி, டீச்சர்களும் பெரிய வகுப்புப் பிள்ளைகளும் மைதானத்தைச் சுற்றி நடந்து வர வேண்டும். மாறுவேடப் போட்டி போல ஜிகினாவும் அட்டைக் கிரீடமும் இருக்கக்கூடாது, எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். படங்கள் நிறைந்த தலையணைப் புத்தகம் ஒன்றோடு கடைக்கு வந்து இறங்கினார். அன்றிலிருந்து பாப்பாத்திக்குத் தூக்கம் போச்சு, ஊண் போச்சு.

முதலில் உள்ளங்கி. காடாத் துணியில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டு துண்டு. தோளில் தைக்கக்கூடாது, விட்டு விட்டுச் சின்ன உலோகப் பூட்டு போட்டுச் சேர்க்க வேண்டும். அதற்கு மேலே குடும்பப் பெண்கள் அணிகிற ஸ்டோலா. தோளிலிருந்து இரண்டு பட்டையில் தொங்கி, கால் மறைய விழும். மார்புக்குக் கீழே ஒரு கயிற்றால் இறுக்கிக் கட்டினால் மடிப்பு மடிப்பாக நிற்கும். அதற்கும் மேலே நம் முந்தானைபோல் ஒரு பெரிய போர்வை. பழக்க தோஷத்தில் பாப்பாத்தி முதல் ஸ்டோலாவுக்குப் பின்னால், ரவிக்கைக்கு வைப்பதுபோல் ஊக்கு வைத்துவிட்டாள்.

"ரோமாபுரியில ஏது ஊக்கு? பிரி!" என்றார் மிஸ்.

"அப்ப எப்படிங்க மாட்டுவாங்க? தலை வழியாவா? கொண்டை கலைஞ்சு போயிராதுங்களா?"

"அடிமைப் பொண்ணுங்க இருந்தாங்க, திருப்பிக் கட்டி உடுவாங்க."

"குடுத்து வச்ச மகராசிங்க" என்று சொல்லிக்கொண்டே பிரித்தாள்.

சேலத்துக் கொலுசுப் பட்டறையில் வீணாய்ப்போன துண்டுகளை வாங்கி வந்து தோள் பூட்டு செய்தார்கள். மஞ்சள் நூலில் குரோஷா ஊசியால் கொண்டை வலை பின்னினாள். கல்யாணப் பெண்ணின் முக்காடு நெருப்பு நிறத்தில் இருக்க வேண்டுமாம். சாயக்கடைச் சாயம் கண்ணைக் குத்தியது. பாப்பாத்தி மஞ்சளில் துளி சுண்ணாம்பு போட்டு ஆரத்தி கரைப்பதுபோல் கரைத்து, துணியை முக்கி எடுத்தாள். மிஸ் குழந்தைபோல் கை தட்டினார். அடிமைப் பெண்ணின் அங்கிக்குக் காப்பித் தொலியைக் காய்ச்சிப் பழுப்பு ஏற்றினார்கள். கடை முழுக்கக் காப்பி வாசமும் மஞ்சள் வாசமுமாக இருந்தது. அந்த நாட்களில் பாப்பாத்தி சந்தோஷமாக இருந்தாள். அதை மறைக்க முடியாது.

ஒரே ஒரு சண்டை. புதுத் துணி எதுவானாலும் ஓரத்தில் மஞ்சள் தடவாமல் பாப்பாத்தி கொடுக்க மாட்டாள். ரோமாபுரி உடுப்புக்கும் தடவிவிட்டாள். "இது சரித்திரம், உன் ஊட்டுச் சடங்கில்ல" என்று மிஸ் கத்தி, ஒவ்வொன்றையும் சோப்புப் போட்டுத் துவைக்க வைத்தார்.

கடைசியாக டோகா. அரைவட்டமாக வெட்டி, தோளில் போட்டு உடம்பைச் சுற்றிக்கொள்கிற, கரையில்லாத வெள்ளைத் துணி. பள்ளிக்கூட ஹாலில் விரித்துத்தான் வெட்ட முடிந்தது. ஊரில் பாதிப் பேருக்குப் பாவாடை தைக்கலாம், அவ்வளவு துணி. அது கணக்கு டீச்சர் ராஜேஸ்வரியின் உயரத்துக்கு வெட்டியது. ராஜேஸ்வரி உடுத்திப் பார்க்க வந்த அன்று, மிஸ்ஸின் புத்தகத்தைப் புரட்டி ஏதோ படித்தார். முகம் சிவந்துவிட்டது. இருவரும் இங்கிலீஷில் படபடவென்று பேசிக்கொண்டார்கள். ராஜேஸ்வரி துணியைத் தள்ளிவிட்டு ஸ்டோலா ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். துணி பாரம் தாங்கவில்லை போல என்று பாப்பாத்தி நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்து மிஸ் சொன்னார், "பாப்பாத்தி, டோகாவை நீயே உடுத்திக்கிட்டு எங்ககூட நட. இத்தனை பாடுபட்டிருக்கற, நீயும் வந்தாத்தான் எனக்கு மனசு நெறையும்."

பாப்பாத்திக்குத் தலை கால் புரியவில்லை. டீச்சர்களோடு, கலெக்டர் ஆபீஸ் ஆட்கள் பார்க்க, தையல்காரி நடப்பதா! ஆனால் ஒன்று உறுத்தியது. "ஏனுங்க மிஸ்ஸு, முழு வெள்ளையா இருக்குதுங்களே. புருஷன் இருக்கறவ வெள்ளை கட்டலாமுங்களா? பாக்கறவங்க தாலி அறுத்தவள்னு நெனைக்க மாட்டாங்களா?"

"அட, அங்க வெள்ளைதான் ஒசத்தி. ராஜசபையில உக்காந்தவங்க உடுத்தினது. வேணும்னா ஓரத்துல மஞ்ச தடவிக்க."

மஞ்சள் தடவிக்கொள் என்று அந்த மிஸ் சொன்னார் பாருங்கள், அங்கேயே பாப்பாத்திக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவளுக்கு எங்கே வரும்? குளிரக் குளிர மஞ்சள் தடவினாள்.

விழா அன்று பாஸ்கெட்பால் மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். தலைச்சோலை, கொட்டச்சேடு என்று மலைக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளின் பெற்றோர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஓட்டல் பையன்கள் மதில்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பாப்பாத்தியின் கடைக்கு அடுத்த பாத்திரக்கடைக்காரர் மனைவி சரஸ்வதி, பாப்பாத்தியக்கா நடக்கிறதைப் பார்க்க வேண்டும் என்று முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தாள்.

ஒவ்வொரு உடுப்பைப் பற்றியும் சாந்தாமேரி இங்கிலீஷில் எழுதி மைக்கில் வாசிக்க வைத்திருந்தார். இரண்டு பேர் நடந்ததுமே ஹெட்மிஸ்ட்ரஸ் கூட்டத்தைப் பார்த்தார். ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆளாளுக்கு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். தமிழ் ஐயா தேவசிகாமணியைக் கூப்பிட்டு, "தமிழ்ல சொல்லுங்க ஐயா" என்று தாளைக் கையில் கொடுத்துவிட்டார். ஐயாவுக்கு மைக் கிடைத்தால் போதும். பார்த்துப் பார்த்து, அப்போதைக்கப்போது மொழிபெயர்த்து முழங்க ஆரம்பித்தார். சாந்தாமேரி மைதானத்தின் மறுகோடியில் பிள்ளைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். ஓடி வந்து தடுப்பதற்குள் இரண்டு பேர் கடந்துவிட்டார்கள்.

"இதோ வருபவர் ரோமாபுரிக் குலமகள். மணமான கற்புடைய மாதர் மட்டுமே அணியும் ஸ்டோலா!" ராஜேஸ்வரி நடந்தார். கை தட்டினார்கள்.

அடுத்தது பாப்பாத்தி. இடது கையில் துணி மடிப்பைத் தாங்கி, சிரித்த முகமாக நடு மைதானத்துக்கு வந்தாள்.

"அடுத்து டோகா! ஆடவருக்குரிய இவ்வுடையைப் பெண்டிருள் அணிந்தோர் யார் தெரியுமா? கற்பு நெறி தவறிய மாதர்! விலைமாதர்! குலமகளிர் உடையை உடுத்தும் உரிமை இழந்து, ஊரார் கண்டு அடையாளம் தெரிந்துகொள்ளும் பொருட்டு..." அங்கேதான் ஐயா தாளிலிருந்து தலையைத் தூக்கி, எதிரே நடக்கிறவள் யார் என்று பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். என்ன பிரயோஜனம்?

மதில்மேல் இருந்து விசில் வந்தது. "அக்கா, ரேட்டு என்னங்கக்கா?" என்று ஒரு பையன் கத்தினான். மைதானமே சிரித்தது. அந்தப் பையனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்கு அது நாடகம். நானாக இருந்தால் அந்த மைக்கைப் பிடுங்கித் தரையில் அடித்திருப்பேன். பாப்பாத்தியால் ஓடக்கூட முடியவில்லை. நாலு பக்கமும் கயிறு, கயிற்றுக்கு வெளியே ஆட்கள், காலைச் சுற்றி முழம் முழமாக அவளே தைத்த துணி. முழுச் சுற்றும் நடந்தே வந்தாள். அப்போதும் மிஸ் தெரியாமல் செய்துவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

வகுப்பறையில் போய் நின்றாள். ராஜேஸ்வரி அங்கே இருந்தார், வேறு இரண்டு டீச்சர்கள் இருந்தார்கள். அக்காவைத் தேடிச் சரஸ்வதியும் பின்னாலேயே வந்துவிட்டாள். சாந்தாமேரி மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"மனசுல வச்சுக்காத பாப்பாத்தி. எல்லாம் ஹெட்மிஸ்ட்ரஸ் பண்ணின வேலை. இங்கிலீஷ்லயே போயிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

பாப்பாத்தி அந்தப் பேச்சை ஒருமுறை மனதுக்குள் உருட்டிப் பார்த்தாள். "அப்ப... உங்களுக்கு முந்தியே தெரியுமுங்களா? எனக்கு இங்கிலீசு தெரியாதுன்னுதான் எனக்கு உடுத்தி உட்டீங்களா?"

"யாராவது ஒருத்தர் போட்டுத்தானே ஆகோணும்? அது இல்லாம சரித்திரம் முழுசாகாது. ராஜேஸ்வரி மிஸ் ஊட்டுல ஒத்துக்க மாட்டாங்க. படிக்கற புள்ளைங்களுக்குப் போட முடியுமா? உனக்கென்ன..." சாந்தாமேரி சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"எனக்கென்னங்க?"

ராஜேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவிலேயே பாப்பாத்திக்கு விளங்கிவிட்டது.

"ராஜேஸ்வரி மிஸ்ஸுக்கும் சொல்லிப்போட்டீங்களா? ஜீப்புக்காரன் விசயத்தைச் சொல்லித்தான், 'நீங்க வேண்டாம், அவளுக்குப் பொருந்தும்'னு எனக்கு மாத்தினீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல பாப்பாத்தி, பேச்சுவாக்குல..."

பேச்சுவாக்கில்! நம்ப வைத்துக் கழுத்தறுத்தவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். புருஷன் போனபோது பாப்பாத்திக்கு இவ்வளவு வலிக்கவில்லை, ஜீப்புக்காரன் போனபோதும் இல்லை. ஆம்பளை ஓடிப்போவான் என்று ஊரே எச்சரிக்கிறது. சிநேகிதியைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை.

"என்ற வாயிலிருந்து ஒரு சொல்லு வெளிய வந்திருக்குமுங்களா?" என்று கத்தினாள். "இத்தனை வருசமா உங்க ரவிக்கையில ஒரு பக்கத்துக்கு இலவம்பஞ்சு வச்சுத் தச்சுக் குடுக்கறனே, அதை நான் யாருகிட்டயாவது சொல்லியிருக்கறனா? சொல்லுங்க, சொல்லியிருக்கறனா?"

சாந்தாமேரியின் கை தானாக முந்தானைக்குப் போனது. ராஜேஸ்வரி, அந்த இரண்டு டீச்சர்கள், வாசலில் நின்ற சரஸ்வதி, எல்லோருடைய கண்களும் அந்தக் கை போன இடத்துக்கே போயின. அவர்கள் கண் போன திசையைப் பார்த்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது பாப்பாத்திக்கு உறைத்தது. தன் விசுவாசத்துக்குச் சாட்சி தேடப்போய் அதையே உடைத்துவிட்டாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம்.

"மிஸ்ஸு..." என்றாள். சாந்தாமேரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசவில்லை.

டோகாவை ஊர் சீக்கிரம் மறந்தது. கோடை விழா வந்தது, மலர்க்காட்சி வந்தது, கடைவீதிக்குப் பேச வேறு கிடைத்தது. ஜீப்புக்காரன் கதையைக்கூட, "பாவம், தனியாக் கிடந்தவ" என்று நாலு பேர் தள்ளிவிட்டார்கள். மிஸ்ஸின் ரவிக்கை விஷயத்தை மட்டும் ஒருத்தியும் மறக்கவில்லை. "பாவம் அந்த மிஸ்ஸு, இந்தப் பாப்பாத்தியை நம்பினதுக்கு" என்றார்கள். பாப்பாத்தி யாரை நம்பினாள் என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். தினமும் மிஷினில் உட்கார்ந்து அதையே நினைத்து வெந்தாள்.

ஒரு நாள் சரஸ்வதி துணிப்பையோடு கடைக்கு வந்தாள். பாப்பாத்திக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

"வா சாமி, உள்ள வா. நில்லு, அளவு எடுத்துக்கறன்."

சரஸ்வதி வாசற்படியைத் தாண்டவில்லை. பையிலிருந்து ஒரு பழைய ரவிக்கையை எடுத்து மிஷின் மேல் வைத்தாள். "அளவெல்லாம் வேண்டாங்கக்கா. இதையே அளவா வச்சுத் தச்சுருங்க."

"இது போன தீவாளிக்கு நானே அளவெடுத்துத் தச்சதாச்சே?"

"ஆமாங்கக்கா. அதேதான், அப்படியே தச்சுருங்க." முந்தானையை இழுத்து வயிற்றுக்கு மேலே செருகிக்கொண்டு நின்றாள்.

அந்த ரவிக்கை இனி அவளுக்குப் பத்தாது என்பது பார்த்த மாத்திரத்தில் பாப்பாத்திக்குத் தெரிந்துவிட்டது. மூன்று மாதமாவது இருக்கும். மூத்த பிள்ளை உண்டானபோது இதே சரஸ்வதி, மாமியாருக்குச் சொல்வதற்கு முன்னால் இந்தக் கடைக்கு ஓடி வந்து பாப்பாத்தியிடம்தான் சொன்னாள்.

"சரி சாமி, புதன்கிழமை வா" என்றாள் பாப்பாத்தி. பழைய ரவிக்கையை விரித்து, அதே அளவுக்கு வெட்டினாள்.